மாஸ்டரின் சிவப்பு வெண்கட்டி

ஒரு மனிதர் தாம் கண்ணால் காணாத ஒன்றை இருபத்தாறு வருடம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாமா?

இது நானாகத் தேடிப்போன கேள்வி இல்லை. டொரொண்டோவில், சென் ஜேம்ஸ் ரவுண் குடியிருப்பின் பதினேழாம் மாடியில், என் கதவுக்கு நேர் எதிர்க் கதவில் யேசுரட்ணம் மாஸ்டர் எட்டு வருடம் குடியிருந்தார். ஒருவர் எதிர்க் கதவில் இருந்தால் அவர் வீட்டுக் கறி மணம் வருவதுபோல அவருடைய கேள்வியும் வரும். ஜன்னலைத் திறந்து விடலாம் என்றால், அந்தக் கட்டடத்தில் ஜன்னல் நான்கு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது.

மாஸ்டர் ஊர்காவற்றுறைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் 1961 முதல் 1987 வரை புவியியல் படிப்பித்தவர். ஒன்பதாம் வகுப்பில் எரிமலை ஒரு பாடம். கரும்பலகையில் முதலில் ஒரு மலையைக் கீறுவாராம். பிறகு அதைக் கத்தியால் இரண்டாக வெட்டி வைத்ததுபோல உள்ளே இருப்பதைக் கீறுவார்: அடியில் பாறைக்குழம்பு, நடுவில் குழாய், உச்சியில் வாய். குழம்புக்கும் குழாய்க்கும் மட்டும் சிவப்பு வெண்கட்டி. கரும்பலகையில் எழுதுகிற கட்டிக்கு எங்கள் ஊரில் வெண்கட்டி என்று பெயர். வெண்கட்டி எப்படிச் சிவப்பாக இருக்கும் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. அந்த ஒரு சிவப்புத் துண்டை மேசை லாச்சியில் பூட்டி வைத்து, வருடத்துக்கு ஒருமுறை இந்தப் பாடத்துக்காக மட்டும் எடுப்பார்.

இலங்கையில் எரிமலை கிடையாது. மாஸ்டர் கனடாவுக்கு வரும்வரை கொழும்புக்கு அப்பால் போனதும் கிடையாது.

1978இல் ஒருநாள், சிவப்பு வெண்கட்டி கையில் இருந்த நேரத்தில், அன்புராசா என்ற பதினான்கு வயதுப் பையன் எழுந்து, "சேர், நீங்கள் எரிமலையைக் கண்டிருக்கிறியளா?" என்று கேட்டான். வகுப்பு சிரித்தது. மாஸ்டர் வெண்கட்டியை வைத்துவிட்டுப் பிரம்பை எடுத்தார். கையை நீட்டச் சொல்லி உள்ளங்கையில் ஐந்து அடி. ஐந்தாவது அடி சுண்டுவிரலில் விழுந்தது. அந்த விரல் பிறகு நேராக நிமிரவே இல்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், டொரொண்டோவில் தமிழ் பேசுகிற எல்லோருக்கும் இது தெரியும். அன்புராசா இங்கே விமான நிலைய லிமோ ஓட்டுகிறான். பழைய மாணவர் சங்கத்தின் தலைவரும் அவன்தான். சங்கம் எந்தக் கூட்டம் வைத்தாலும் ஒலிவாங்கியைப் பிடித்து இந்தக் கதையைச் சொல்லுவான். "மற்ற வாத்திமார் மறுமொழியைக் கொப்பியிலை எழுதித் தருவினம். எங்கடை சேர் கையிலையே எழுதித் தந்தவர்!" என்று கோணல் விரலை உயர்த்திக் காட்டுவான். மண்டபம் சிரிக்கும். நான் மட்டும் பதினொரு தடவை கேட்டிருக்கிறேன். பதினோராவது தடவையும் புதிதாகச் சிரித்தவர்கள் இருந்தார்கள். அவன் குரலில் கோபம் எதுவும் இல்லை. அது எனக்கு அதிசயமாகவும் சில வேளைகளில் எரிச்சலாகவும் இருந்தது.

மாஸ்டர் சிரிக்கமாட்டார். பேப்பர்க் கோப்பையில் இருக்கிற தேநீரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்படியான ஒரு கூட்டம் முடிந்து சப்வேயில் திரும்புகையில், ஷெர்போர்ன் நிலையம் வருவதற்குச் சற்று முன்னால் கேட்டார்:

"தம்பி, அவன் கேட்டதிலை பிழை இருக்கோ?"

"இல்லை, மாஸ்டர்."

"அப்ப நான் ஏன் அடிச்சனான்?"

அறிவதற்கு வழி மூன்று என்று நம்முடைய பழைய தருக்கக்காரர் வகுத்திருக்கிறார்கள்: நேரே கண்டு அறிவது, கண்டதைக்கொண்டு காணாததை ஊகித்து அறிவது, நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்டு அறிவது. மூன்றும் அறிவுதான் என்றார்கள். உலகத்துப் புவியியல் ஆசிரியர்களில் முக்கால்வாசிப் பேர் மூன்றாவது வழியில்தான் பிழைக்கிறார்கள். அதை மாஸ்டருக்குச் சொன்னேன்.

"அதை அண்டைக்கே அவனுக்குச் சொல்லியிருக்கலாம்தானே. பிரம்பை ஏன் எடுத்தனான்?"

அதற்கு அந்தப் பழைய தருக்கத்தில் இடம் இல்லை. அவரே தொடர்ந்தார்: "அவன் திருப்பிக் கேட்பான். பகிடிக்கெண்டாலும் ஒருநாள் எல்லாருக்கும் முன்னாலை கேட்பான். அப்ப நான் ஓமெண்டு சொல்ல வேணும். அவ்வளவுதான்."

மாஸ்டருக்கு நகரின் நடுவில் ஒரு நிலத்தடி வாகனத் தரிப்பிடத்தில் வேலை. நிலத்துக்குக் கீழே மூன்றாம் தளம், கண்ணாடிக் கூடு, காருக்குச் சீட்டுக் கொடுத்துச் சில்லறை வாங்குவது. அங்கே இருந்துகொண்டு கனடாவின் ஒவ்வொரு மாகாணத்துச் சுற்றுலா அலுவலகத்துக்கும் கடிதம் எழுதினார். அழகான கையெழுத்து, ஒவ்வொரு கடிதமும், "மதிப்புக்குரிய ஐயா, நான் ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்" என்றுதான் தொடங்கும். பதிலுக்கு வரைபடங்கள் இலவசமாக வந்து குவிந்தன. எல்லாம் கட்டிலுக்குக் கீழே போயின. "மனுசர் கட்டிலுக்குக் கீழை அரிசி மூட்டை வைப்பினம். இவர் கனடாவை வைச்சிருக்கிறார்," என்பார் வேரோனிக்கா அக்கா, மாஸ்டரின் மனைவி.

1996 பெப்ரவரியில் சங்கத்தார் ஐந்து பேர் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார்கள். அவருக்கு அந்த வருடம் அறுபது வயது. என்னையும் வரச் சொன்னார்கள். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் கதவைத் திறந்திருக்கமாட்டேன்.

"சேர், ஒரு மோதிரம், ஒரு பொன்னாடை, ஒரு வாழ்த்துமடல். நவம்பருக்கு ஹோல் புக் பண்ணியாச்சு," என்றார் சங்கச் செயலாளர் அகஸ்ரின்.

"மோதிரம் வேண்டாம்."

"அப்ப சங்கிலி?"

"எனக்கு எரிமலை ஒண்டு பாக்க வேணும்."

குசினிக்குள் இருந்து வேரோனிக்கா அக்கா, "நான் சொன்னனான்தானே," என்றார். யாரிடம் எப்போது சொன்னார் என்று தெரியவில்லை.

"ஹவாயோ, சேர்? அது அமெரிக்கா. உங்களுக்கு இன்னும் சிற்றிசன் வரேல்லை. போடரிலை திருப்பி விடுவாங்கள்."

"கனடாவிலையே இருக்குது."

"இந்தக் குளிருக்கை ஒரு நெருப்புக்குச்சியே பத்தாது, சேர். எரிமலை எங்கை பத்துறது?"

மாஸ்டர் கட்டிலுக்குக் கீழே தவழ்ந்து போய் ஒரு வரைபடத்தோடு வந்து அதைத் தரையில் விரித்தார். பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடக்குக் கோடியில் ஒரு காட்டுப் பூங்கா. பல ஆயிரம் வருடங்களுக்கு முன் அணைந்துபோன எரிமலைகள், ஏரிகள், கரடி, மான். அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் அடுத்த கோடையில் யாராவது வான் பிடித்துக்கொண்டு புறப்பட்டுவிடுவார்கள்.

அகஸ்ரின் குனிந்து தேடினார். "ரோட்டு எங்கை, சேர்?"

"ரோட்டு இல்லை."

"பார்க் எண்டு போட்டிருக்குதே?"

"பார்க்தான். ரோட்டுத்தான் இல்லை. ஏரியிலை இறங்கிற சின்ன பிளேனிலை போக வேணும்."

"ரோட்டில்லாத பார்க்குக்கு ஆர் போறது? நயாகராவுக்குப் போவம், சேர். உங்கடை விருப்பம் மாதிரி அங்கை இயற்கையும் இருக்குது, வோஷ்ரூமும் இருக்குது."

மாஸ்டரை அதுவரை ஒன்பது தடவை நயாகராவுக்குக் கூட்டிப்போயிருந்தார்கள். ஊரில் இருந்து யார் வந்திறங்கினாலும், இரண்டாவது சனிக்கிழமை அவரை வானில் ஏற்றி அங்கே கொண்டுபோய் விடுவது எங்கள் ஆட்களின் வழக்கம். நீர்வீழ்ச்சிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புளிச்சாதம் சாப்பிடுவார்கள். ஒன்பது தடவையும் அதே புளிச்சாதம்.

கதவோரம் நின்ற அன்புராசாதான் தீர்ப்புச் சொன்னான். "சேர் வாய் திறந்து கேட்டிட்டார். குடுத்துத்தான் ஆக வேணும். ஆனா ஒண்டு. வீடியோ எடுக்க வேணும். நவம்பரிலை ஹோலிலை பெரிசாப் போட்டுக் காட்டுவம்."

அந்தக் காலத்தில் எங்களுக்குள் ஒன்று நடந்தது என்பதற்கு வீடியோதான் சாட்சி. கலியாணம், சாமத்தியவீடு, செத்தவீடு எதுவானாலும் கொப்பி எடுத்து நாலு நாட்டுக்கு அனுப்பினால்தான் நடந்ததாகக் கணக்கு. யார் எடுப்பது என்று கேள்வி வந்தபோது ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணை, நீங்கள் புத்தகம் வாசிக்கிற ஆள். சனமில்லாத இடம் உங்களுக்குப் புதிசில்லை," என்றான் அன்புராசா.

ஓகஸ்டில் புறப்பட்டோம். மாஸ்டர் வன்கூவர் வழியாகப் போகிறார் என்ற செய்தி பரவியதும் பொதிகள் வரத் தொடங்கின. எங்கள் ஆட்களில் ஒருவர் பயணம் போவது, மற்ற எல்லோருடைய சாமான்களும் போவதற்காகத்தான். அங்கே இருக்கும் மச்சானுக்கு மிளகாய்த்தூள், பெறாமகளுக்குப் பருத்தித்துறை வடை, யாரோ ஒருவருடைய சம்பந்திக்கு வாளைக் கருவாடு. "அவை எயாப்போட்டுக்கே வந்து எடுப்பினம்," என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்தார்கள். எல்லாவற்றையும் ஒரு கறுப்புப் பையில் கட்டினோம். அந்த வருடம் ஒரு கடையில் கறுப்புப் பை மலிவு விற்பனை. டொரொண்டோத் தமிழர் எல்லோரிடமும் அந்தப் பை இருந்தது. அன்புராசா வீடியோக் கமராவை வைத்துத் தந்ததும் அதே பையில்தான். பொதிகளால் ஏற்கெனவே எரிச்சலில் இருந்த நான் அப்போதே இதைக் கவனித்திருக்க வேண்டும்.

வன்கூவரில் யாரும் வரவில்லை. தொலைபேசியில் கேட்டால் ஒருவருக்கு இரண்டாவது ஷிப்ட். இன்னொருவர் அடுத்த கிழமை என்று நினைத்தாராம். பொதியை அங்கேயே எங்காவது விட்டுவிடலாம் என்றேன்.

"நம்பித் தந்தவை. வரேக்கை குடுப்பம்," என்றார் மாஸ்டர்.

ஆகவே கருவாடும் எங்களோடு வடக்கே வந்தது. இன்னொரு விமானம், ஏழு மணி நேரம் ஒரு லொறிக்காரரோடு, கடைசியில் ஒரு ஏரிக்கரையில் மரத்தால் கட்டிய விடுதி. அங்கே இரண்டு நாள் மழை. மேகம் ஏரியில் படுத்துக் கிடந்தது. சின்ன விமானம் எழும்ப முடியாது. மாஸ்டர் தோணித்துறையில் குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாளும் இருந்தார். இடையில் எழுந்து வந்து, விடுதிக்காரப் பெண்ணிடம் அவள் கொடுத்த கையேட்டில் ஒரு மலையின் உயரம் பிழை என்று வாதாடினார். அவள் "இருக்கலாம்" என்றாள். "இருக்கலாம் எண்டு சொல்லப்படாது. பாத்துச் சொல்ல வேணும்," என்று தமிழில் என்னிடம் கோபித்தார். இரண்டாம் நாள், பாணும் வெண்ணெயும் தின்று அலுத்து, பொதிக்குள் இருந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தேன். அதைத் திருப்பி வைக்கச் சொன்னார். பல் பட்ட வடையை எப்படித் திருப்பி வைப்பது? வைத்தேன்.

மூன்றாம் நாள் வானம் வெளித்தது. விமானி ஒரு பெரிய உருவம். சொற்களை இறுக்கிப் பிடிக்கிற மனிதர். எங்கள் இருவரையும் பைகளோடு தராசில் ஏற்றி இறக்கிவிட்டு, ஒரு பை இங்கே நிற்க வேண்டும் என்றார். எது நிற்க வேண்டும் என்பதில் யோசனைக்கு இடமில்லை. நான் ஓடிப்போய்ப் பொதிப் பையை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தேன்.

நாற்பது நிமிடப் பறப்பு. ஏரிகள், பிறகும் ஏரிகள், கறுத்துச் சிவந்த குன்றுகள், அவற்றின் தோள்களில் பனி. ஒரு சதுப்பில் முழங்கால் தண்ணீரில் நின்ற பெரிய மூஸ் மானை விமானி விரலால் காட்டினார். மாஸ்டர் எதையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், பாருங்கோ! எரிமலை கீழை தெரியுது!"

"மேலை இருந்து பாக்கிறது படம் பாக்கிற மாதிரி. காலை வைச்சுத்தான் பாப்பன்," என்றார், கண் திறக்காமல்.

ஐயாயிரம் கிலோமீற்றர் ஒருவரோடு வந்த பிறகு இப்படி ஒரு வாக்கியத்தைக் கேட்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். எனக்கு அது இல்லை.

ஏரியில் இறங்கிக் கரையில் கால் வைத்ததும், அவருடைய முதல் அடியைப் படம் பிடிக்கலாம் என்று பையைத் திறந்தேன். வாளைக் கருவாடு என்னைப் பார்த்தது. பக்கத்தில் மிளகாய்த்தூள், பல் பட்ட வடை. கமரா விடுதி அறையில் பூட்டிப் பத்திரமாக இருந்தது.

பூங்காக்காரர் அனுப்பிய கடிதத்தில் கறுத்த எழுத்தில் ஒரேயொரு வரிதான் இருந்தது: கரடிகள் உள்ள இடம், மணம் வரும் உணவு எதுவும் கொண்டுவர வேண்டாம். விமானி மூக்கைச் சுருக்கினார். ஏறும்போதே மணத்தது, அது உங்கள் இருவரின் மணம் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டேன் என்றார். நான் மாஸ்டரைப் பார்த்துக் கத்தினேன்: அவருடைய பொதிகள், அவருடைய சங்கம், அவருடைய எரிமலை. மாஸ்டர் ஒரு கல்லில் இருந்துகொண்டு சிரித்தார். ஏழு வருடத்தில் அவர் சிரித்து நான் கண்டது அன்றுதான். கண்ணீர் வரச் சிரித்தார். விமானி பையை விமானத்தின் மிதவைக்குள் இருக்கும் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, நான்கு மணிக்குள் வந்துவிட வேண்டும், காற்று மாறினால் அதற்கும் முன்னால் என்றார்.

ஏரிக்கரையில் இருந்து அந்தக் குன்றுக்கு ஒன்றரை மணி நேர நடை. கூம்பாக, மணலைக் கொட்டி வைத்ததுபோல இருந்தது. நிலம் முழுவதும் கருங்கல் பொரி. உமிக்கரியில் நடப்பதுபோலக் கால் நொறுநொறுவென்று இறங்கியது. ஏறத் தொடங்கியதும் இரண்டு அடி வைத்தால் ஒரு அடி சறுக்கியது. அறுபது வயது, ஏழு வருடம் நிலத்துக்குக் கீழே கதிரையில் இருந்த கால்கள். பத்து அடிக்கு ஒருமுறை நின்றார். கையைக் கொடுத்தேன், தட்டிவிட்டார். அவரை நான் புகழ வேண்டியதில்லை. ஆனால் அந்தச் சரிவில் அவர் ஒருமுறைகூட எவ்வளவு தூரம் என்று கேட்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

விளிம்பில் ஏறி நின்றோம். உள்ளே ஒரு பெரிய சட்டி. குழம்பு இல்லை, புகை இல்லை, கந்தக மணம் இல்லை. கறுத்த சரிவுகளின் அடியில், வெயில் படாத பக்கம், கோடையிலும் உருகாத ஒரு வெண்பனித் திட்டு. அதன் மேல் ஒரு மான் படுத்திருந்தது. ஈக்கடிக்குத் தப்பிக் குளிரில் வந்து படுக்குமாம். பிறகு விமானி சொன்னார். கிளைவிட்ட கொம்பு, அசைபோட்டுக்கொண்டு எங்களை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, முக்கியமானவர்கள் இல்லை என்று தலையைத் திருப்பிக்கொண்டது.

மாஸ்டர் விளிம்பில் குந்தி அதைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"குவாட்டரிலை இருக்கிற மான்."

உண்மைதான். கனடாவின் இருபத்தைந்து சத நாணயக் குற்றியில் இருப்பது அந்த மானின் தலை. நாள் முழுவதும் கண்ணாடிக் கூட்டுக்குள் அவர் கைமாற்றுகிற தலை.

"நான் சிவப்பாலை கீறுற இடத்திலை படுத்திருக்குது, தம்பி."

"ஓம், மாஸ்டர்."

"இருபத்தாறு வருசம்," என்றார். கீழே இறங்கி வரும்போதுதான், "மான் கதையை ஒருத்தருக்கும் சொல்லாதையும்," என்றார். மண்டபத்துக்காக வைத்திருக்கிறார் என்று நினைத்தேன். நியாயமாகப் பட்டது.

திரும்பி வந்தபோது வன்கூவரில் எல்லோரும் விமான நிலையத்துக்கே வந்து பொதிகளை வாங்கினார்கள். வடை ஒன்றில் யாரோ கடித்த அடையாளம் இருக்கிறது என்று பெறாமகள் டொரொண்டோவுக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறாள். சங்கத்தார் என்னை விசாரித்த விதத்தை விவரமாக எழுத விருப்பமில்லை. "கமராவை அறைக்கை பூட்டிப்போட்டுக் கருவாட்டுக்கு எரிமலை காட்டிக்கொண்டு வந்திருக்கிறியள், என்ன?" என்று அகஸ்ரின் கேட்டார். வெற்று வீடியோ நாடாவைக் கையில் வைத்து ஆட்டியபடி கேட்டார்.

அன்புராசாதான் அவர்களை அடக்கினான். "வீடியோ இல்லாட்டி என்ன? சேர் போனவர்தானே? வாயாலை சொல்லட்டும். நான் மேடையிலை வைச்சுக் கேக்கிறன்."

மாஸ்டர் அப்போது எங்களோடுதான் இருந்தார். அவன் சொன்னது அவருக்குக் கேட்டது.

நவம்பர் விழாவுக்குப் பிறகு ஒன்பது மாதம் அவர் எதிர்க் கதவில் இருந்தார். பிறகு மகன் நகருக்கு வடக்கே மார்க்கம் என்ற ஊரில் வீடு வாங்க, இருவரும் அங்கே போனார்கள். மேடையில் ஏன் அப்படிச் சொன்னார் என்று அந்த ஒன்பது மாதத்தில் நான் மூன்று தடவை கேட்டேன்: ஒருமுறை லிஃப்டில், ஒருமுறை உடுப்புத் தோய்க்கும் அறையில், கடைசியாகச் சாமான் ஏற்றிய லொறி வாசலில் நின்றபோது. லிஃப்டில் மாடி இலக்கத்தைப் பார்த்தார். தோய்க்கும் அறையில், மெஷினுக்குள் அளவுக்கு மேல் போட்டிருக்கிறேன் என்று என்னைத் திருத்தினார். லொறியடியில், வரைபடப் பெட்டிகளை நனையாமல் ஏற்றச் சொன்னார். வேரோனிக்கா அக்காவுக்கும் அவர் எதுவும் சொல்லவில்லை. அக்கா என்னைக் கேட்டார், நான் அக்காவைக் கேட்டேன், இருவரும் ஏமாந்தோம். நானாக ஒரு காரணத்தைக் கட்டி அவர் தலையில் வைக்க எனக்கு விருப்பமில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

நவம்பர், ஸ்காபரோவில் ஒரு பாடசாலை மண்டபம். வெளியே முதல் பனி. உள்ளே முந்நூறு பேரும் அவர்களுடைய ஈரச் சப்பாத்துகளும். பொன்னாடை போர்த்தினார்கள். வாழ்த்துமடலை அகஸ்ரின் வாசித்தார், நீளம். மேடையில் சக்கரம் வைத்த கரும்பலகை ஒன்று நின்றது. அன்புராசா எங்கேயோ தேடிச் சிவப்பு வெண்கட்டி ஒன்றும் வாங்கி வைத்திருந்தான். "சேர், ஒருக்கால் கீறுங்கோ!" என்று பின்னால் இருந்து குரல்கள் வந்தன. மாஸ்டர் எழுந்து போய்க் கீறினார். அதே மலை, அதே வெட்டுமுகம், அதே குழம்பு, அதே குழாய். முப்பது வயது, நாற்பது வயது ஆண்களும் பெண்களும் வகுப்பில் இருப்பதுபோலக் கைதட்டினார்கள்.

அப்போது அன்புராசா ஒலிவாங்கியை எடுத்தான். கோணல் விரல் கதையைப் பன்னிரண்டாவது தடவையாகச் சொன்னான். மண்டபம் சிரித்தது. பிறகு மாஸ்டருக்கு முன்னால் போய் நின்று, ஒலிவாங்கியை அவர் வாய்க்கு நேரே பிடித்தான்.

"பதினெட்டு வருசத்துக்கு முன்னம் கேட்ட கேள்விதான், சேர். திருப்பிக் கேக்கிறன். நீங்கள் எரிமலையைக் கண்டிருக்கிறியளா?"

கேட்டுவிட்டு, பகிடிக்கு, மற்றக் கையை உள்ளங்கை மேலே தெரிய நீட்டினான். சுண்டுவிரல் மட்டும் வளைந்து நின்றது. மண்டபம் இன்னும் பெரிதாகச் சிரித்தது.

நான் இரண்டாவது வரிசையில் இருந்தேன். மான் வரப்போகிறது என்று காத்துக்கொண்டிருந்தேன். மாஸ்டர் அந்தக் கையைப் பார்த்தார். சிரிப்பு அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை, தம்பி," என்றார். "நான் காணேல்லை."

சிவப்பு வெண்கட்டியை அந்த நீட்டிய கைக்குள் வைத்துவிட்டு, வந்து தன் கதிரையில் இருந்தார்.